ஆறு ஜாடி பீரும் ரூபி டீச்சரின் சிவப்புப் பென்சிலும்

எனக்குப் பேய் பயம் கிடையாது. வாத்தியார் பயம் உண்டு. செத்துப்போன வாத்தியார் என்றால் இரண்டும் சேர்ந்துகொள்ளும். அப்படி ஒரே ஒரு முறைதான் மாட்டியிருக்கிறேன். அதற்கே இன்னும் வீட்டில் வாய்தா போட்டு விசாரிக்கிறார்கள்.

போன வருடம், பெங்களூரில் வேலை பார்க்கும் என் மகன் ஒரு கடைக்குக் கூட்டிப்போனான். அங்கேயே பீர் காய்ச்சுகிறார்களாம். ஒரு மரப் பலகையில் ஆறு குட்டிக் குவளைகள் வந்தன. மஞ்சள், பழுப்பு, கறுப்பு என்று ஆறு நிறம். கூடவே கட்டம் போட்ட ஓர் அட்டை. நிறம், நுரை, மணம், ருசி, மொத்தம். "குடிச்சிட்டு மார்க் போடுங்கப்பா" என்று மகன் பென்சிலை நீட்டினான். சிவப்புப் பென்சில். ஏசிக் குளிரிலும் எனக்கு முதுகு வேர்த்தது.

தொண்ணூறுகளின் தொடக்கத்துக்குப் போக வேண்டும். அப்போது தாம்பரத்தில் எங்களுக்குத் தெரிந்த பீர் இரண்டு வகை: கூலிங் இருக்கிறது, கூலிங் இல்லை. இந்த அறியாமையைக் கலைத்தவன் என் நண்பன் சேகர். ஒரு கல்லூரி கெமிஸ்ட்ரி லேபில் உதவியாளன். வெளிநாட்டிலிருந்து வந்த ஏதோ பழைய பத்திரிகையைப் பழைய பேப்பர் கடையில் பொறுக்கிக்கொண்டு வந்திருந்தான்.

"மச்சான், பீருல முப்பது நாப்பது தினுசு கீதுடா. கோதுமைல ஒண்ணு, கருக வறுத்து ஒண்ணு, அன்னாசிப் பயத்துல ஒண்ணு. வூட்லயே காச்சி, மார்க் போட்டுக் குடிக்கிறானுங்க. நம்ம மட்டும் இன்னா பாவம் பண்ணோம்?"

பார்லி நாட்டு மருந்துக் கடையில் கிடைத்தது. ஈஸ்ட் பேக்கரியில் கிடைத்தது. கசப்புக்கு ஏதோ பூ போட வேண்டுமாம். அது இந்த ஊரில் இல்லை. "பூதானே? வேப்பம்பூ போடு" என்றான் சேகர். (விஞ்ஞானம் இப்படித்தான் வளர்கிறது.) கிடைக்காதது இடம்தான். ஓசை கேட்காத, வெயில் படாத, பெற்றோர் வராத இடம்.

அந்த இடத்தின் சாவி என் சட்டைப் பையில் இருந்தது. அதுதான் வினை.

எனக்கு அப்போது ஷீலாவோடு நிச்சயம் ஆகியிருந்தது; ஜனவரியில் கல்யாணம். ஷீலாவின் அப்பா தவமணி சார், ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர், ஹிஸ்டரி. நிச்சயத்துக்கு முன் என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "தம்பி, குடிக்கிற பழக்கம் உண்டா?" நான், "டீயே அளவாத்தான் மாமா" என்றேன். அந்தப் பதிலில்தான் எனக்குப் பெண் கிடைத்தது. நவம்பரில் பத்திரிகை வைக்கக் குடும்பத்தோடு நாகர்கோவில் பக்கம் கிளம்பியபோது, சேலையூர் வீட்டின் முன்வாசல் சாவியைக் கொடுத்து, "செடிக்குத் தண்ணி ஊத்துங்க, ரெண்டு வாரத்துல வந்துருவோம். ரூபி அக்கா ரூமை மட்டும் திறக்க வேண்டாம்" என்றார்.

ரூபி டீச்சர் அவருடைய அக்கா. கல்யாணம் செய்துகொள்ளாதவர். எட்டாம் வகுப்பில் எனக்குக் கணக்கு எடுத்தவர். ஞாயிற்றுக்கிழமை சர்ச் வாசலில் மதுவிலக்கு நோட்டீஸ் கொடுத்தவர். இழுப்பு நோய்க்காரர், அவர் வராந்தாவில் வரும்போது முதலில் மூச்சு வரும், பிறகுதான் அவர் வருவார். 'கீஈஈ... கீஈஈ...' என்று அது கேட்டதும் நாற்பது பேர் வாய்ப்பாடு சொல்லத் தொடங்குவோம். இரண்டு வருடத்துக்கு முன் தவறிப்போனார். கட்டில், மேஜை, மேஜைமேல் ஸ்கேல், சிவப்புப் பென்சில், சுவரில் அவர் படம். அந்த அறையை அப்படியே வைத்திருந்தார்கள்.

வீட்டிலேயே குளிர்ச்சியான அறை அதுதான். மேலே எழுத எனக்கே வெட்கமாக இருக்கிறது.

ஆறு மிட்டாய் ஜாடிகள். கோதுமை, பார்லி, கருப்பட்டி போட்ட கறுப்பு, இஞ்சி, அன்னாசி, வேப்பம்பூ. ஒவ்வொரு மூடியிலும் துளை போட்டு, மெடிக்கல் ஷாப்பில் வாங்கிய டிரிப்ஸ் டியூபைச் செருகி, மறுமுனையைத் தண்ணீர் பாட்டிலில் விட்டான் சேகர். காற்று வெளியே போகும், உள்ளே வராதாம். கட்டிலடியில் வரிசையாக வைத்துவிட்டு நிமிர்ந்தபோது அறை ஆஸ்பத்திரி வார்டு மாதிரி இருந்தது. மேஜைமேல் ஒரு நோட்டில் நிறம், நுரை, மணம், ருசி, மொத்தம் என்று கட்டம் போட்டு, ஜாடி எண் மட்டும் எழுதி, மார்க்குக்கு இடம் விட்டு வைத்தோம். படத்தில் டீச்சர் என்னையே பார்த்தார். நான் படத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பினேன்.

மறுநாள் செடிக்குத் தண்ணீர் ஊற்றப் போனேன். மூடிய கதவுக்குப் பின்னால், 'குளுக்... குளுக்...' ஜாடிதான் என்று தெரியும். நாலாம் நாள் அந்தச் சத்தம் ஒரே சீராக, ஒருவர் மூச்சு விடுவது போல் ஆகியிருந்தது. எட்டாம் நாள் நான் தெருவிலிருந்தே, காம்பவுண்டுக்கு வெளியே நின்று செடிக்குத் தண்ணீரை வீசினேன். (பக்கத்து வீட்டுக்காரர் இதைக் கடைசிவரை மறக்கவில்லை.)

பதினோராம் நாள், வியாழக்கிழமை, ருசி பார்க்க நாள் குறித்தோம். மாமா வர ஞாயிறு ஆகும். பிற்பகல் மூன்று மணிதான். ஆனால் புயல் மழை, வானம் கரி பூசியிருந்தது, கரண்ட் வேறு இல்லை. முன்வாசல் பூட்டு நான் பூட்டியபடியே தொங்கியது. உள்ளே போய் மெழுகுவத்தி ஏற்றினோம். அறைக் கதவின் முன் நின்று காது கொடுத்தேன்.

குளுக் சத்தம் இல்லை.

"அடங்கிருச்சு. சரக்கு ரெடி" என்று சேகர் கதவைத் தள்ளினான்.

படம் நேராக இருந்தது. டீச்சர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சேகரு, நான் இதைத் திருப்பித்தானே வெச்சேன்?"

"காத்துல திரும்பிகினு இருக்கும்டா. பேஜார் பண்ணாத, நோட்டை எட்றா."

நோட்டைத் திறந்தேன். கட்டங்கள் காலியாக இல்லை. எல்லாவற்றிலும் சிவப்புப் பென்சிலால் மார்க். கோதுமைக்கு நேரே, 'முயற்சி போதாது.' அன்னாசிக்கு, 'இன்னும் உழைத்தால் முன்னேறலாம்.' வேப்பம்பூவுக்கு, 'பெற்றோரை அழைத்து வரவும்.' என் எட்டாம் வகுப்புக் கணக்குத் தாளில் வருடம் முழுக்கப் பார்த்த வாசகம். கறுப்புக்கு நாற்பதுக்கு இருபத்து நாலு என்ற மொத்தத்தை, ஸ்கேல் வைத்து இரண்டு கோடாக அடித்து, மேலே இருபத்தாறு என்று திருத்தியிருந்தது. அப்படி இரண்டு கோடு போட்டு அடிப்பது உலகத்தில் ஒருவர்தான்.

அந்த நேரம் பார்த்துக் கட்டிலிலிருந்து கேட்டது.

'கீஈஈ... கீஈஈ...'

மெழுகுவத்தியைத் திருப்பினேன். கட்டிலில் தலைமுதல் கால்வரை வெள்ளைப் போர்வை. போர்வை ஏறியது, இறங்கியது.

"மச்சான்... யாரோ கீறாங்கடா" என்றான் சேகர். அன்று அவன் சொன்ன கடைசி வாசகம் அதுதான். அடுத்து என் காதில் விழுந்தது வாசல் கேட் அடித்துக்கொண்ட சத்தம். என் சைக்கிளை வேறு எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

எனக்கு ஓட வரவில்லை. அப்படியே மண்டியிட்டேன்.

"டீச்சர்! மன்னிச்சிருங்க டீச்சர்! நான் எட்டாவது பி, ஜெயசீலன்! குடிக்கமாட்டேன்னு உங்க தம்பிகிட்ட சொன்னது பொய் டீச்சர். மாசம் ஒரு தடவை, பல்லாவரத்துல. ரெண்டு தடவை. கொயர்ல பாடறேன்னு சொன்னது, சும்மா வாய் அசைப்பேன் டீச்சர், சத்தமே வராது. ஸ்கூட்டர் ஓட்டத் தெரியாது. பிரசங்கம் கேக்கும்போது தூங்கிருவேன். நிச்சயத்தன்னைக்கு மாமா பேசினப்போகூடத் தூங்கினேன். அரைப் பரீட்சைல பக்கத்துப் பையனைப் பாத்து எழுதினேன். அவன் எழுதினதும் தப்பு டீச்சர்!"

போர்வை எழுந்து உட்கார்ந்தது.

நான் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டு நாய் அழுததாகச் சொன்னார்கள். போர்வை விலகியது. உள்ளே தவமணி மாமா. தலைமுடி குத்திட்டு நின்றது. கண் இரண்டும் செம்பருத்தி.

"எந்தப் பல்லாவரம்?" என்றார்.

ஜலதோஷம் பிடித்து, மற்றவர்களை நாகர்கோவிலில் விட்டுவிட்டு, அன்று காலை ரயிலில் தனியே திரும்பியிருக்கிறார். முன்வாசல் சாவி என்னிடம். அவர் பின்வாசல் சாவியால் திறந்து வந்திருக்கிறார். அக்கா அறையில் மூச்சுச் சத்தம். அவருக்கும் உயிர் போய் வந்திருக்கிறது. ஜெபம் செய்துகொண்டே திறந்தால் ஆறு ஜாடி. அக்கா படம் சுவரைப் பார்த்துக்கொண்டு. படத்தைத் திருப்பிவிட்டு, டியூபைப் பிடுங்கி, அத்தனையையும் கொட்டத்தான் போனாராம். நோட்டைப் பார்த்துவிட்டார்.

"முப்பத்தி நாலு வருஷ வழக்கம் மாப்பிள்ளை. காலி மார்க் கட்டத்தைப் பாத்தா கை நிக்காது. குடிக்காம மார்க் போடறது அநியாயம் இல்லியா?"

"ஆறுமா மாமா?"

"ஒரு டம்ளர்தான். ஒவ்வொண்ணுலயும்." அப்புறம் சற்று யோசித்து, "கறுப்புல மட்டும் ரீவேல்யுவேஷன்" என்றார்.

குடும்பத்துக்கே உரிய இழுப்பு மூச்சோடு, இருந்த கட்டிலிலேயே தூங்கிவிட்டிருக்கிறார். நான் தலை குனிந்து நின்றேன். ஜனவரியும் ஷீலாவும் கப்பல் ஏறிக்கொண்டிருந்தார்கள். 'வெளியே போ' என்ற வார்த்தைக்காகக் காத்திருந்தேன். அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு, என் கையைப் பிடித்து, "ஷீலாகிட்ட சொல்லிருவீங்களா தம்பி?" என்றார். அந்தப் பயத்தை நான் நன்றாக அறிவேன். பத்து நிமிடத்துக்கு முன் அது என்னுடையது.

"நீங்க சொல்லலன்னா நானும் சொல்லலை மாமா."

சமாதானம் ஆயிற்று. அவர் நோட்டை எடுத்து மெழுகுவத்தியில் காட்டி, பெருந்தன்மையாகச் சிரித்தார். "கூட்டல் தப்பு பண்ணிட்டேன் போல. எப்பவும் என் பேப்பருக்கெல்லாம் அக்காதான் மொத்தம் சரிபாப்பா. நல்லவேளை, நீங்க திருத்திட்டீங்க."

"நான் திருத்தலை மாமா. நீங்கதான்னு நெனச்சேன்."

"எனக்குக் கூட்டத் தெரிஞ்சா நான் ஏன் மாப்பிள்ளை ஹிஸ்டரி எடுக்கறேன்?"

இருவரும் நோட்டைப் பார்த்தோம். எட்டு, மூன்று, ஏழு, எட்டு. இருபத்தாறுதான். ஆறு டம்ளருக்கு மேல் குடித்த மனிதரால் இரண்டு கோட்டை அவ்வளவு நேராகப் போடவும் முடியாது. இருவரும் படத்தைப் பார்த்தோம். கட்டிலடியில், அவர் கசப்பு தாங்காமல் மறுபடி மூடி வைத்திருந்த வேப்பம்பூ ஜாடி, ஒரே ஒரு முறை, 'குளுக்' என்றது.

அந்த மழையில் மாமனாரும் மருமகனும் கைகோத்துப் பின்வாசல் வழியாக ஓடியதைத்தான் பக்கத்து வீட்டுக்காரர் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

ரகசியம் கல்யாண வரவேற்பு வரைதான் தாங்கியது. நான் நம்பிச் சொன்னது எல்லாவற்றையும் சேகர் மைக்கைப் பிடித்துச் சொல்லிவிட்டான். (என் சைக்கிளைப் பற்றி மட்டும் சொல்லவில்லை.) அன்றிலிருந்து நான் வீட்டுக்குத் தாமதமாக வந்தால் ஷீலா சண்டை போடுவதில்லை. "ரூபி அத்தைகிட்ட சொல்லட்டுமா?" என்பாள். கேட்காததையும் சேர்த்துச் சொல்லிவிடுவேன். மாமா கடைசிவரை, அந்தக் கோடு தன்னுடையது இல்லை என்றுதான் சொன்னார்.

பெங்களூரில் ஆறு குவளைக்கும் நேர்மையாக மார்க் போட்டேன். கறுப்புக்கு எட்டு, மூன்று, ஏழு, எட்டு. மகன் எட்டிப் பார்த்தான்.

"மொத்தம் போடலியாப்பா?"

"அது நம்ம வேலை இல்லடா. ஸ்கேல் இருந்தா பக்கத்துல வெச்சிட்டு வா."