வெளியே போன தாய்மாமன்

"முடியாது" என்ற சொல்லை நான் மனைவியிடம் மட்டும்தான் தைரியமாகச் சொல்லியிருக்கிறேன். (அதுவும் அவள் மிக்ஸி ஓட்டும்போது.) மேலாளர் என்ன கேட்டாலும் வாய் தானாக "டன் சார்" என்றுவிடும்.

தாம்பரத்தில் ஒரு மென்பொருள் கம்பெனியில் சின்ன டீமுக்கு நான் லீட். இரண்டு வாரத்துக்கான வேலையை முதல் நாளே பேசி முடித்துவிடுவோம். அதற்கு ஸ்பிரிண்ட் என்று பெயர். நடுவில் திடீர் வேலை வந்து விழுந்தால் என்ன செய்வது என்று புதியவர்களுக்கு வகுப்பெடுத்ததே நான்தான்.

"ஒண்ணு உள்ள வந்தா, அதே சைஸ்ல ஒண்ணு வெளிய போகணும். அவ்ளோதான்பா." கைதட்டல்கூட வாங்கியிருக்கிறேன்.

தங்கை விஜியின் மகளுக்குச் சிங்கப்பெருமாள் கோவிலில் காதுகுத்து. குழந்தை தாய்மாமன் மடியில் உட்கார வேண்டும். விஜிக்குக் கூடப் பிறந்தவன் நான் ஒருவன்தான். பட்டு வேட்டியோடு வண்டலூரைத் தாண்டும்போது மேலாளர் அழைத்தார்.

"சேகர், கிளையண்ட் ஒரு ரிப்போர்ட் கேக்கறான். சின்ன வேலைதான். இப்பவே முடிச்சிரலாமா?"

"லீவுல இருக்கேன் சார்" தொண்டை வரை வந்தது. அவர் லேசாகப் பெருமூச்சு விட்டார். அந்த ஒரு மூச்சில் என் வேலை போய், வீட்டை பேங்க் எடுத்துக்கொண்டு, நான் ஜி.எஸ்.டி. ரோட்டில் வெள்ளரிப்பிஞ்சு விற்றுக்கொண்டிருந்தேன்.

"டன் சார்."

கோவில் வாசலில் காருக்குள்ளேயே லேப்டாப்பைத் திறந்தேன். விஜி இரண்டாவது முறையாக வந்து கண்ணாடியைத் தட்டினாள்.

"அண்ணா, ஆசாரி ஊசியோட நிக்கறாரு. நல்ல நேரம் முடியப் போகுது."

"அஞ்சே நிமிஷம்மா."

"இதத்தான் அப்பவும் சொன்ன."

கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து குழந்தையின் அலறல். வேட்டியைப் பிடித்துக்கொண்டு ஓடினேன். குழந்தை முரளி மடியில் இருந்தது. முரளி, பெரியப்பா மகன். காம்பவுண்டு சுவர்த் தகராறில் நான் பல வருஷமாக முகம் பார்க்காதவன். அவன் என் முறையைச் செய்துவிட்டு, என்னைப் பார்த்துச் சிரிக்கவும் செய்தான். விஜி என் பக்கமே திரும்பவில்லை.

போன் அடித்தது. "சேகர், அந்த ரிப்போர்ட் வேணாமாம். அடுத்த ஸ்பிரிண்ட்ல பாத்துக்கலாம்."

"டன் சார்" என்றேன்.

நான் சொல்லிக்கொடுத்த விதி பிசகவில்லை. ஒன்று உள்ளே வந்தது. அதே சைஸில் நான் வெளியே போனேன்.

முரளி மடியில் குழந்தை இருக்கும் காதுகுத்துப் போட்டோ இன்றும் செம்பாக்கத்தில் விஜி வீட்டு ஹாலில் தொங்குகிறது. வருகிறவர்கள், "இவருதான் தாய்மாமனா?" என்று கேட்பார்கள். காபியைக் கொடுத்தபடியே விஜி சொல்வாள்:

"இல்லீங்க, இவரு பிளான்ல இல்லாம வந்த மாமா. பிளான்ல இருந்தவரு வெளிய கார்ல இருந்தாரு."