சர்வர் கார்டும் மாவுச் சட்டியும்

இனிமேல் என் கம்பியூட்டர் மேல் மாவுச் சட்டி வைக்கக் கூடாது.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு இந்தச் சட்டத்தை வீட்டில் பிரகடனம் செய்தேன். வீட்டில் என்னையும் சேர்த்து இரண்டு பேர். அதில் ஒருவர் எதிர்த்தார்.

"அப்ப இந்தப் பண்டாரவளைக் குளிர்ல மாவு எங்க பொங்கும்? உங்க தலையிலயா?" என்றாள் என் மனைவி யசோதினி. "வீட்டுலயே சூடான இடம் அது ஒண்ணுதாங்க."

உண்மைதான். என் பிரச்சினையும் அதுதான். சொந்தக்காரர்களின் கல்யாண வீடியோக்களைப் பத்து ஹார்ட் டிஸ்க்கில் சேர்த்து வைக்கலாமென்று, அத்தனை டிஸ்க்கையும் கம்பியூட்டரோடு இணைக்க, கொழும்பில் ஏதோ சர்வரிலிருந்து கழற்றிய கார்ட் ஒன்றை ஷாஹ்மி நானாவின் கம்பியூட்டர் கடையில் வாங்கி மாட்டியிருந்தேன். திரையில் அதன் சூடு தொண்ணூற்று நாலு பாகை. இன்னும் ஆறு ஏறினால் தேத்தண்ணி போடலாம்.

நானாவுக்குப் போன் போட்டேன்.

"அது சர்வர் கார்ட் சேர். அதுக்குச் சொந்தமா ஃபேன் இல்ல. சர்வருக்குள்ள புயல் மாதிரி காத்தடிக்கும், அதுலயே ஆறிடும். உங்க பெட்டிக்குள்ள காத்து எங்க? இப்படியே விட்டா கருகிடும். கொண்டாங்க, செஞ்சு தாறேன்."

என்னிடம் காற்றைப் பற்றிப் பேசுகிறார்! தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து வாட்டும் மாடிக்குப் பதினாலு வருஷமாகப் பொறுப்பாளன் நான். ஆளுயரக் காற்றாடிகள் என் கையசைவில் சுற்றும். இந்தக் கார்ட் உள்ளங்கை அகலம்.

"நானே ஆத்திக் காட்டுறேன்," என்றேன் யசோதினியிடம். "அறுபதுக்குக் கீழ வந்துட்டா, அப்புறம் இந்த வீட்டுல என் சொல்லுதான்."

"வராட்டி?"

"உன் சொல்லு."

"இப்ப யார் சொல்லு நடக்குதுங்க?"

நான் அலமாரியில் ஸ்க்ரூ டிரைவரைத் தேடினேன்.

"சரி, எழுதித் தாங்க."

எழுதினேன். தொழிற்சாலையில் அறிவித்தல் எழுதிப் பழகிய கை. 'கார்டின் சூட்டை அறுபதுக்குக் கீழே கொண்டுவருபவர் சொல்வதே இவ்வீட்டில் சட்டம்.' திகதி, கையொப்பம். அவள் அதை இரண்டு தரம் வாசித்துவிட்டு ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டினாள். இரண்டாம் தரம் வாசித்தபோதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

தேயிலை அட்டைப்பெட்டியை வெட்டி, ஜன்னலிலிருந்து கார்ட் வரை ஒரு குழாய் செய்தேன். நடுவில் சின்ன ஃபேன். ஊர்க் குளிர் முழுவதும் நேராகக் கார்டின் மேல்!

திங்கள், தொண்ணூற்றொன்று. செவ்வாய் ஃபேன் வேகத்தைக் கூட்டினேன், தொண்ணூற்றிரண்டு. புதன் ஜன்னலை அகலத் திறந்தேன். கார்ட் அசையவில்லை. எனக்குத் தடிமன் பிடித்து மூக்கு ஒழுகியது.

"கார்ட் ஆறலீங்க. நீங்க நல்லா ஆறிட்டீங்க," என்று கொத்தமல்லித் தண்ணியை நீட்டினாள் யசோதினி.

வெள்ளிக்கிழமை வேலை முடிந்து வந்து திரையைப் பார்த்தேன். ஐம்பத்திரண்டு. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பார்த்தேன். ஐம்பத்திரண்டேதான்!

நானாவை உடனே வரச் சொன்னேன். வெற்றிக்கு ஒரு சாட்சி வேண்டுமே. அவர் கடையைப் பூட்டிக்கொண்டு வந்தார். மேசைக்கு முன்னால் நின்று காற்றின் குணங்கள் பற்றிக் கால்மணி நேரம் பேசினேன். அவர் பாதியிலேயே குனிந்துவிட்டார்.

"அதெல்லாம் சரி சேர். குழாய் ஏன் கீழ போகுது?"

மேசை விரிப்பைத் தூக்கினேன். ஜன்னலில் இருக்க வேண்டிய குழாயின் வாய், துவாய் சுற்றிய மாவுச் சட்டியின் பக்கம் திரும்பியிருந்தது. மாவு மூடியைத் தள்ளிக்கொண்டு எங்களை எட்டிப் பார்த்தது.

"ஃபேனைக் கழட்டித் திருப்பிப் போட்டேன்," என்றாள் யசோதினி. "நீங்க ஊதுனீங்க, சூடு பெட்டிக்குள்ளயே சுத்துச்சு. நான் உறிஞ்ச வச்சேன், வெளிய வந்துச்சு. வந்ததை வீணாக்குவானேன்?"

"கம்பியூட்டர்ல சட்டி வைக்கக் கூடாதுன்னு சொன்னேன்ல?"

"மேல வைக்கக் கூடாதுன்னீங்க. கீழதான் வச்சிருக்கேன்."

"இதெல்லாம் உனக்கு யார் சொல்லிக் குடுத்தது?"

"நீங்கதான். பதினாலு வருஷமா சோத்துத் தட்டுக்கு முன்னால இதே கதைதான? 'ஒரு பக்கமே ஊதுனா கொழுந்து வாடாது யசோ, பாதியில காத்தைத் திருப்பி விடணும்'. கேட்டுக் கேட்டு நான் வாடுனதுதான் மிச்சம்."

நானா ஃப்ரிட்ஜ் கதவை நிதானமாக வாசித்தார்.

"'கொண்டுவருபவர்'னுதான் இருக்கு சேர். உங்க பேர் இல்ல. தங்கச்சி சொல்றதுதான் சட்டம்."

என் சாட்சி தீர்ப்பைச் சொல்லிவிட்டு, நாலு தோசையும் சாப்பிட்டுப் போனார்.

மறுநாள் காலை ஃப்ரிட்ஜில் புதுச் சட்டம் ஏறியது. சூட்டைக் கவனிப்பது அவள் பொறுப்பு. மாவு அரைப்பது என் பொறுப்பு.

கார்ட் இப்போது நாற்பத்தொன்பதில் இருக்கிறது. அரைக்கிறவன்தான் தொண்ணூற்று நாலில் இருக்கிறான்.