கெவினின் படகைத் தூங்க வைத்த ஞாயிற்றுக்கிழமை

‘எனக்குத் தெரியாது’ என்ற இரண்டு சொற்கள் என் வாயில் வரவே வராது. அதனால் பட்ட பாடுகளில் ஒன்றுக்குத் தீயணைப்பு வண்டியே வந்தது.

எழுபதுகளில் மெல்பேர்னுக்கு வந்தபோது எனக்கு இருபத்தெட்டு வயது. படித்தது பாலம் கட்டும் படிப்பு. கிடைத்தது ஒரு தொழிற்சாலையில் வரைபடம் கீறும் வேலை. மேலாளர் கெவினிடம் ஒரு சின்ன மீன்பிடிப் படகு இருந்தது. மே மாதம், குளிர் தொடங்கும் நேரம் பார்த்து அவருக்கு முதுகு பிடித்துக்கொண்டது. தேநீர் இடைவேளையில் கேட்டார்:

“எஞ்சின் வேலை தெரிந்தவர் யாராவது உண்டா? படகைக் குளிர்காலத்துக்கு மூடி வைக்கவேண்டும். செய்து தருகிறவர் கோடையில் விரும்பியபோதெல்லாம் அதைக் கொண்டுபோகலாம்.”

நான் யோசிப்பதற்கு முன்பே என் கை எழும்பிவிட்டது. (பாலத்துக்குக் கீழால் படகு போகும்தானே. அந்தச் சொந்தம் போதாதா?)

ஞாயிறு காலை கெவினின் மனைவி காரில் படகை இழுத்துவந்து எங்கள் பின்வளவில் விட்டுப் போனார். வெள்ளைப் படகு, நீலக் கோடு, பின்னால் ஒரு எஞ்சின். கூடவே கெவின் எழுதிய செய்முறைத் தாளும், அழுத்தினால் சீறுகிற ஒரு எண்ணெய் டின்னும். நான் படகைச் சுற்றிச் சுற்றி வந்தேன். கோடையில் அதிலே நின்று கையசைக்கப் போகிற என்னை எனக்கே பார்க்க ஆசையாக இருந்தது.

என் மனைவி சரோ குசினி ஜன்னலால் எட்டிப் பார்த்தாள்.

“என்னப்பா, உங்களுக்கு உந்த வேலை தெரியுமே?”

“ஓம், ஓம். எல்லாம் பேப்பரிலை கிடக்கு.”

“பொங்கலுக்கும் பேப்பரிலைதான் எழுதித் தந்தனான். அந்தப் பானையை இன்னும் சுரண்டிக்கொண்டு இருக்கிறன்.”

நான் அதைப் பொருட்படுத்தவில்லை. தாளை உரக்க வாசித்தேன். மாதக்கணக்கில் கிடக்கும் பெற்றோல் பிசின் மாதிரி இறுகி எஞ்சினை அடைத்துவிடும். ஆகவே தாங்கி நிறையப் புதுப் பெற்றோல் விட்டு, அது கெடாமலிருக்க மருந்து கலந்து, எஞ்சினைப் பத்து நிமிடம் ஓட்டவேண்டும். எஞ்சின் சூடாகாமலிருக்க அதன் அடிப்பகுதி தண்ணீர்ப் பீப்பாய்க்குள் நிற்கவேண்டும்.

எஞ்சினைக் கிளப்பும் கயிற்றை நாலாம் தரம் இழுத்ததும் அது பிடித்தது! நான் துள்ளிக் குதித்தேன். சரோகூடக் கைதட்டினாள். அத்தோடு நின்றிருக்கலாம். பீப்பாய்க்குள் பார்த்தேன். தண்ணீரைத் தள்ளும் காற்றாடி சுற்றவில்லை. சுற்றாத காற்றாடியோடு படகு எப்படி ஓடும் என்று, பக்கத்தில் இருந்த கியர்த் தடியை ஒரு தள்ளுத் தள்ளினேன்.

பீப்பாய்த் தண்ணீர் முழுவதும் ஒரே வீச்சில் எழும்பி, என்னைக் குளிப்பாட்டி, வேலிக்கு மேலால் பறந்து போனது. எஞ்சின் கக்கிய கரியும் எண்ணெயும் கலந்த தண்ணீர். நான் தடியைப் பழைய இடத்துக்கு இழுத்தேன், குழாயைப் பிடித்துப் பீப்பாயை நிரப்பினேன். வேலிக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவேண்டும் என்று தோன்றவேயில்லை. உற்சாகம் கண்ணை மறைத்திருந்தது.

அடுத்த கட்டம்: பெற்றோல் குழாயைக் கழற்றிவிட்டு, எஞ்சின் மூச்சிழுக்கும் வாய்க்குள் எண்ணெய் அடிக்கவேண்டும். ‘எஞ்சின் நிற்கும்வரை அடிக்கவும்’ என்று எழுதியிருந்தது. அடித்தேன். வெள்ளைப் புகை வந்தது. எஞ்சின் நிற்கவில்லை. இன்னும் அடித்தேன். புகை படகை மூடியது, வளவை மூடியது, பிறகு வீட்டையும் மூடியது. எஞ்சின் நிற்கவேயில்லை. (எப்படி நிற்கும்? பெற்றோல் குழாயைக் கழற்ற மறந்துபோனேனே!) டின் காலியாகும்வரை கடமை தவறாமல் அடித்தேன்.

அப்போது சைரன் சத்தம் கேட்டது. ‘பாவம், எந்த வீட்டில் நெருப்போ’ என்று நினைத்தேன்.

கொஞ்ச நேரத்தில் பெரிய சப்பாத்துகளின் சத்தம். புகைக்குள்ளிருந்து ஒரு கை வந்து என் சட்டைக் கொலரைப் பிடித்துத் தெருவரை இழுத்துப் போனது. இன்னொரு தீயணைப்பு வீரர் பெற்றோல் குழாயைப் பிடுங்கினார். எஞ்சின் இரண்டு தரம் இருமிவிட்டு அடங்கியது.

புகை கலைந்ததும் வேலிக்கு அந்தப் பக்கம் தெரிந்தது. பக்கத்து வீட்டு ரோசாவின் கொடியில் பதினெட்டு வெள்ளை மேசைவிரிப்புகள். இத்தாலியிலிருந்து கொண்டுவந்தவை, கையால் பூவேலை செய்தவை. வருகிற சனிக்கிழமை அவருடைய மகளின் கல்யாணம். எல்லாவற்றிலும் கறுப்புப் புள்ளி. ரோசா ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் ஒரு விரிப்பைக் கையில் பிடித்தபடி சத்தமில்லாமல் அழுதார். அந்த நிமிடம் எனக்கு அந்தப் படகும் வேண்டாம், கோடையும் வேண்டாம் என்றாகிவிட்டது.

சரோ வேலியைச் சுற்றிப் போய் விரிப்புகளை அள்ளிக்கொண்டு வந்தாள். மத்தியானம் முழுக்க ரோசாவும் நாங்களுமாக மூன்று பேரும் எங்கள் குளியல் தொட்டியில் தேய்த்தோம். நான் முழங்காலில் நின்று தேய்த்தேன். பதினைந்து வெளுத்தன. மூன்று சாம்பல் நிறத்திலேயே நின்றுவிட்டன.

(வசந்தத்தில் கெவின் கயிற்றை இழுத்ததும் எஞ்சின் முதல் தரமே பிடித்தது. இவ்வளவு நன்றாக எண்ணெய் பூசிய எஞ்சினைத் தான் கண்டதேயில்லை என்றார். இதைச் சொன்னால் வீட்டில் யாரும் காது கொடுப்பதில்லை.)

ரோசா எங்களையும் கல்யாணத்துக்கு அழைத்தார். எங்களுக்குச் சாம்பல் விரிப்பு மேசைதான். விருந்தின் நடுவில் அவர் கிண்ணத்தோடு எழும்பியபோது நான் சரோவுக்குப் பின்னால் நகர்ந்துகொண்டேன். ஆனால் அவர் சொன்னது, புகைக்குள் நின்ற எனக்கு அதுவரை தெரியாத சங்கதி. தீயணைப்பு வீரர் ஓடிவந்து, எங்கள் படலை வாசலில் இடுப்பில் கைவைத்து நின்ற சரோவிடம், “உள்ளே யாராவது இருக்கிறார்களா?” என்று பதறிக் கேட்டாராம். ரோசா வேலியோரம் நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார்.

மண்டபம் சிரித்த சிரிப்பில் கண்ணாடிக் குவளைகள் அதிர்ந்தன. அன்றிலிருந்து எங்கள் வீட்டுத் தொலைபேசியில் யாராவது “வீட்டிலை ஆரும் நிக்கினமோ?” என்று கேட்டால், என் பிள்ளைகள் சரோ அன்று சொன்ன பதிலையே சொல்கிறார்கள்:

“அந்த மனுசன் மட்டுந்தான். ஒண்டும் அவசரமில்லை.”