பாக்கியம் சம்மதித்த புகைக்குழாய்

பதுளையில் துணிக்கடை வைத்திருந்த நல்லையாவுக்குச் சீனி வியாதி. இனிப்பைக் கையால்கூடத் தொடமாட்டேன் என்று மனைவி பாக்கியலெட்சுமியிடம் சத்தியம் செய்திருந்தார். கையால் தொடவில்லைதான். கரண்டியால் தொட்டார். கடையைப் பூட்டிவிட்டு லுணுகலைக்குத் திரும்பும் வழியில், வீட்டுக்கு ஏறும் மலையடிவாரத்தில், புஹாரி நானாவின் ஹோட்டலில் தினமும் ஒரு கிண்ணம் கருப்பட்டி வட்டிலப்பம் காலியாகிக்கொண்டிருந்தது.

அதனால் வீடு சேரத் தாமதமானது. பஸ்ஸே வந்துவிட்டது, உங்கள் ஜப்பான் டேர்போ கார் எங்கே படுத்திருந்தது என்று பாக்கியம் கேட்கத் தொடங்கினாள். அவளிடம் பொய் சொல்வது நல்லையாவுக்கு உண்மையிலேயே வருத்தம். வட்டிலப்பத்தை விடுவது அதைவிடப் பெரிய வருத்தம்.

வழி காட்டியவர் கராஜ் மொஹிதீன். டேர்போவிலிருந்து இறங்கும் புகைக்குழாய் ஒடுக்கமானது, அதை அகலமாக்கினால் இஞ்சின் தாராளமாக மூச்சுவிடும், ஏற்றத்தில் கார் பறக்கும் என்றார். பறந்து மிச்சம் பிடிக்கும் நேரத்தை நல்லையா மனதுக்குள்ளேயே வட்டிலப்பத்துக்கு ஒதுக்கிவிட்டார்.

வீண் செலவு என்று பாக்கியம் மறிப்பாள் என நினைத்து ஏழெட்டு நியாயங்களோடு அவளைக் கராஜுக்கே கூட்டிப்போனார். அவள் மொஹிதீனிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"சத்தம் கூடுமா நானா?"

"கூடும் தங்கச்சி. மலை அதிரும்."

"அப்ப இன்னும் கொஞ்சம் அகலமாவே போடுங்க."

இப்படி ஒரு மனைவி யாருக்கு வாய்க்கும் என்று நல்லையா பூரித்துப்போனார்.

புதுக் குழாயோடு வந்த முதல் மாலை, கார் நிஜமாகவே பறந்தது. புஹாரி கடையில் நிதானமாகக் கிண்ணத்தை வழித்துத் துடைத்துவிட்டும், பஸ்ஸுக்கு முன்பே வீட்டு வாசலில் இறங்கினார். பாக்கியம் தேத்தண்ணியோடு நின்றாள்.

"பாலத்துக்கிட்ட வாறப்பவே கேட்டுச்சுங்க. அப்புறம் புஹாரி நானா கடைகிட்ட சத்தம் நின்னுச்சு. நான் தண்ணி கொதிக்கவச்சு, சாயம் ஊத்தி, ஆத்தி முடிச்சப்புறந்தான் மறுபடி கெளம்புச்சு. ஒரு கிண்ணமா, ரெண்டா?"

நல்லையா வாயைத் துடைத்தார். துடைத்ததே தப்பாகிவிட்டது.

அவள் கோபப்படவில்லை. அதுதான் அவரை உலுக்கியது. "திட்டுறதுக்குக் கேக்கலைங்க," என்றாள். "நீங்க வளைவெல்லாம் தாண்டி வந்து சேர்ற வரைக்கும் என் உசுரு என்கிட்ட இல்ல. இப்ப எங்க வாறீங்கன்னாச்சும் காதுல கேக்குது."

நல்லையா அவள் கையைப் பிடித்துக்கொண்டார். இவளை இத்தனை நாள் வாசலில் காயவைத்தோமே என்று மனது கிடந்து அடித்துக்கொண்டது. கொஞ்ச நேரம்தான். பிறகு அதே மனது மலையடிவாரத்துக்கு இறங்கிப்போனது.

"இந்தச் சத்தம் ஒன் தலைக்கு ஆகாது பாக்கியம்," என்றார் பரிவோடு. "நாளைக்கே பழைய குழாய மாட்டிடச் சொல்றேன்."

"அத மொஹிதீன் நானா அன்னைக்கே பழைய இரும்புக்குப் போட்டுட்டாருங்க," என்றாள் பாக்கியம். "நாந்தான் போடச் சொன்னேன்."