சொறிக் கரடியும் வெள்ளை யானை ஊற்றும்

ஒரு காட்டில், வெயிலுமுத்து என்றொரு கரடிக்கு முதுகு அரித்தது. இந்தக் கதையில் நடக்கிற கூத்து அத்தனைக்கும் அந்த அரிப்புதான் காரணம். ஆகவே யாரும் அதை லேசாக நினைத்துவிட வேண்டாம்.

கை எட்டாத இடத்தில் அரிப்பு. தேக்கு மரத்தில் உரசிப் பார்த்தான், பாறையில் புரண்டு பார்த்தான், ஒன்றும் ஆகவில்லை. தூக்கம் போனது. தேனடையைப் பார்த்தாலும் வாயில் நீர் ஊறவில்லை. சொறி ஒட்டிக்கொள்ளும் என்று பயந்து மனைவியும் வேறு குகைக்குப் போய்விட்டாள். ஒருநாள் தாங்கமாட்டாமல் புரண்டவன், சரிவில் உருண்டு, அழுகின முட்டை நாற்றமடிக்கும் ஒரு வெந்நீர் ஊற்றில் தொபுக்கடீரென்று விழுந்தான். எழுந்து பார்த்தால் அரிப்பைக் காணோம்! மனைவியும் திரும்பி வந்துவிட்டாள். பாவம், ஆனந்தத்தில் தலைகால் புரியாமல், தன் சிநேகிதனான பூதத்தான் என்கிற குரங்கிடம் விஷயத்தைச் சொல்லித் தொலைத்தான்.

"யார்கிட்டயும் சொல்லிராதலே" என்றும் சொன்னான். குரங்கிடம் இப்படிச் சொன்னால், ஒலிபெருக்கிக்கு வாடகை மிச்சம்.

அவ்வளவுதான், ஊற்றைச் சுற்றி ஓர் ஊரே முளைத்துவிட்டது. லாட்ஜுகள் வந்தன, நேந்திரம் சிப்ஸ் கடைகள் வந்தன. மலைப்பாம்பு மசாஜ் நிலையமும் வந்தது. அங்கே போனவர்களில் சிலர் இன்னும் வெளியே வரவில்லை. அத்தனை சுகமாம். இதையெல்லாம் கட்டி மேய்க்க ஊற்று வளர்ச்சிக் குழு என்று ஒன்று வந்தது. அதற்குத் தலைவர், நரி ஆவுடையப்பன்.

ஊர் என்றால் வரலாறு வேண்டாமா? குழு கூடி யோசித்தது.

"கரடிக்குச் சொறி வந்துச்சு, விழுந்துச்சு, போச்சுன்னு போர்டு வச்சா எவம்வே குடும்பத்தோட குளிக்க வருவான்?" என்றது நரி.

ஆகவே நரியே ஒரு தல வரலாறு எழுதியது. முன்னொரு காலத்தில் ஒரு வெள்ளை யானை, முனிவர் குளிக்கும்போது தும்பிக்கையால் தண்ணீர் பீய்ச்சி, அவர் சாபத்தால் கறுத்துப்போய், இந்த ஊற்றில் மூழ்கி மறுபடி வெளுத்ததாம். இதை நம்பி வந்த யானைகள் எல்லாம் குளித்துவிட்டுக் கறுப்பாகவே வீடு திரும்பின. தங்களுக்குப் பக்தி போதவில்லை என்று தங்களையே நொந்துகொண்டன.

மழைக்காலம் வந்தது. வெயிலுமுத்துவின் அரிப்பும் வந்தது. மனைவி மறுபடி மூட்டையைக் கட்டினாள். அவன் ஊற்றுக்கு ஓடினான். வாசலில் காக்கிச் சட்டையோடு நின்றது வேறு யாருமில்லை, பூதத்தான்தான்.

"மன்னிச்சுக்கிடணும் அண்ணாச்சி. சொறி சிரங்கு இருக்கவங்க இறங்கப்படாது. உடம்பு நல்லா இருக்கவங்களுக்கு மட்டுந்தான் அனுமதி."

"நல்லா இருக்கவன் எதுக்குலே இறங்கணும்?"

"இன்னும் நல்லாயிக்கிடத்தான்."

கரடி நேரே நரியிடம் போனான். "ஊத்தக் கண்டுபிடிச்சதே நாந்தான் வே!"

"அப்படியா? வரலாத்துல உம்ம பேரு இல்லையே."

"அத எழுதுனதே நீருதானே!"

"அதனாலதான் உறுதியாச் சொல்லுதேன்" என்றது நரி.

கரடிக்கு அழுகையே வந்துவிட்டது. நியாயம்தானே? தன் முதுகில் தொடங்கிய ஊர், தன் முதுகையே உள்ளே விடமாட்டேன் என்றால் யாருக்குத்தான் பொறுக்கும்?

அந்த வாரமே வெள்ளை யானைச் சிலைக்குத் திறப்பு விழா. அவசரத்தில் பூச்சு வேலையை முடிக்காமல், சொரசொரவென்று சிமெண்டோடு நிறுத்தி வெள்ளை அடித்திருந்தார்கள். காடே திரண்டிருந்தது. வெயிலுமுத்து விறுவிறுவென்று மேடையேறி மைக்கைப் பிடுங்கினான்.

"மகாஜனங்களே! இந்த யானைக் கதை பூராவும்..."

அந்த நேரம் பார்த்தா அரிக்க வேண்டும்! பேச்சு நின்றது. உடம்பு துடித்தது. பின்னால் சிலை இருந்தது. முதுகைக் கொடுத்து மேலும் கீழும் உரசினான்.

"ஆ... ஆஹா... அம்மாடி... சொர்க்கம்டா சாமி!"

ஒலிபெருக்கி அதை மலை உச்சி வரை கொண்டுபோனது.

"சிலைக்குச் சக்தி இருக்கு!" என்று ஒரு மிளா மான் கத்தியது. அடுத்த நொடி கூட்டம் மேடையில் பாய்ந்தது. மான் உரசியது, மாடு உரசியது. முள்ளம்பன்றி உரசியதில் சிலையின் வாலே போய்விட்டது. சாயங்காலத்துக்குள் நரி அங்கே வேலி போட்டு வரிசையை ஒழுங்கு பண்ணிவிட்டது. பூதத்தானுக்கும் சிலை வாசலுக்கு மாற்றல். 'அரிப்பு உள்ளவர்கள் சிலையைத் தொடக் கூடாது' என்று புதுப் போர்டும் வந்தது.

ஊற்றை எட்டிப் பார்க்க நாதியில்லை. சிலை தந்த சுகம் அப்போதே தீர்ந்து, முதுகு மறுபடி அரிக்கத் தொடங்கியிருந்தது. வெயிலுமுத்து மெல்ல நடந்துபோய் வெந்நீரில் கழுத்துவரை இறங்கினான். இரண்டு முழுக்கில் அரிப்பு ஓடியே போனது. மனைவிக்குச் சொல்லியனுப்பினான். அவளும் வந்து பக்கத்தில் இறங்கி உட்கார்ந்தாள்.

மறுநாள் நரி மூச்சிரைக்க ஓடி வந்தது. "அண்ணாச்சி, சிலையால நெசமாவே குணமாவுமான்னு கேக்காங்க. நீங்கதான் சாட்சி சொல்லணும். உங்களுக்கு எதுல குணமாச்சு?"

வெயிலுமுத்து உண்மையை ஒரு நிமிஷம் யோசித்தான். உண்மையைச் சொன்னால் காடே திரும்ப இங்கே வந்துவிடும், தான் மறுபடி வாசலுக்கு வெளியே நின்று சொறிய வேண்டும். மனைவி அவனைப் பார்த்தாள். அவன் கண்ணை மூடி, இன்னும் கொஞ்சம் தண்ணீருக்குள் சரிந்தான்.

"சத்தியமாச் சிலைதான் வே. போன பிறவியில அந்த வெள்ளை யானையே நாந்தான். அதையும் வரலாத்துல சேத்து எழுதிக்கிடும்."

நீதி: முதுகு அரிக்கும்போது வரலாற்றைத் திருத்தப் போகாதே, அதன்மேல் நன்றாக உரசிக்கொள்.