கணவன் கார்டு

இனி சனிக்கிழமைகளில் கூசுமி என் வீட்டு வாசலை மிதிக்கக் கூடாது. முடிவு செய்துவிட்டேன். என் முடிவு என்றால் முடிவுதான், என் மனைவி சிசுரு மறுக்கும் வரை.

கூசுமி மாடி வீட்டுக்காரன். கல்யாணமாகாதவன். சீட்டுக் கட்டு மாதிரி கார்டுகளைத் தானே வரைந்து, தானே விதி எழுதி, சிசுருவோடு ஆடுவான். என்னை "அண்ணே" என்பான், அவளை "அண்ணி" என்பான். அப்படிக் கூப்பிடுகிறவனைச் சந்தேகப்படக் கூடாதுதான். சந்தேகம் என்ன, அனுமதி கேட்டா வருகிறது?

அவன் சிசுருவுக்கு ஒரு ராணி கார்டு வரைந்து கொடுத்திருந்தான். ராணிக்கு அவள் முகம்! தனக்கு ஒரு இளவரசன். அந்த இளவரசன் மேஜைக்கு வந்ததும் எதிராளியின் ராணியைக் கூட்டிக்கொண்டு போய்விடுவான். வாராவாரம் போகிறாள். இவளும் சிரித்துக்கொண்டே அனுப்புகிறாள். இருபது வருஷத்தில் என் ஜோக்குக்கு அவள் இப்படிச் சிரித்ததில்லை.

நானும் ஒரு கார்டு வரைந்தேன். பெயர், 'கணவன்'. மீசை நன்றாக வந்தது. விதிதான் வரவில்லை.

"சிசுரு, பேச்சுக்குக் கேக்கறேன். உள்ளே வந்தவனைத் துரத்தணும்னா எப்படி எழுதறது?"

"'வந்த பிறகு'ன்னா எழுதப் போறீங்க?"

"ஆமா."

"வந்த பிறகு துரத்தினா அவன் ராணியோடதானே போவான்?"

"அப்போ?"

"'வரும்போதே'ன்னு போடுங்க. அவன் கை நீட்டறதுக்குள்ள காரியம் முடிஞ்சிரும்."

"ஒரே கணம்!"

"கணத்துல முடியறதாலதான் கணவன்னு பேரா?"

நான் பேனா மூடியைக் கழற்றினேன்.

"இளவரசன்னு பேர் போடட்டுமா?"

"ஐயோ, அடுத்த வாரம் மந்திரின்னு பேர் மாத்திட்டு வருவான். 'எவன் வந்தாலும்'னு போடுங்க. ஒருத்தனும் தப்ப முடியாது."

எப்பேர்ப்பட்ட மனைவி! இவளையா சந்தேகப்பட்டேன்? அழுத்தி எழுதினேன்: *எவன் மேஜைக்கு வந்தாலும், வரும்போதே வெளியே போக வேண்டும்.*

சனிக்கிழமை. சிசுருவின் கார்டுக் கட்டை வாங்கிக்கொண்டு அவள் இடத்தில் நான் உட்கார்ந்தேன். அவள் நடுவர். வெளியே மழை.

"கூசுமி, பந்தயம். எவன் கார்டு முதல்ல வெளியே போகுதோ, அவன் எழுந்து வெளியே போகணும்."

"போய்?" என்றான் அப்பாவியாக.

"ஸ்டேஷன் பக்கம் போய்த் தாகோயாகி உருண்டை வாங்கிட்டு வரட்டும்," என்றாள் சிசுரு. "மழைக்குச் சூடா நல்லா இருக்கும்."

முதலில் ராணியை வைத்தேன். பிறகு கணவனை ஓங்கி அடித்தேன். தேநீர்க் கோப்பைகள் குலுங்கின.

"இப்போ வரச் சொல்லு உன் இளவரசனை!"

கூசுமி குனிந்து படித்தான். தலையைச் சொறிந்தான். "அண்ணி, ஒரு சின்ன சந்தேகம்..."

"எனக்கும் அதே சந்தேகம்தான்." சிசுரு என் பக்கம் திரும்பினாள். "என்னங்க, இப்போ மேஜைக்கு வந்தது யாரு?"

"கணவன்."

"எவன் வந்தாலும்?"

"வெளியே... அது மத்தவனுக்கு!"

"அப்படி எழுதலையே. உங்க கையெழுத்துதானே?"

"வந்து உட்காரவாவது விடு! உட்கார்ந்த பிறகுதானே விதி?"

"வரும்போதேங்க." இரண்டு விரலால் கணவனைத் தூக்கி வெளியே வைத்தாள். "குடையை எடுத்துட்டுப் போங்க."

நான் செருப்பு மாட்டுவதற்குள் இளவரசன் வந்துவிட்டான். ராணி போய்விட்டாள். பின்னால் இரண்டு பேர் சிரிப்பது கேட்டது.

தாகோயாகி வரிசையில் வயிறு எரிய நின்றேன். கடையில் இருந்த சூடெல்லாம் எனக்கு ஒரு பொருட்டே இல்லை. திரும்பி ஓட்டமாக ஓடிவந்து கதவைத் தள்ளினேன்.

"நில்லுங்க!" என்றாள் சிசுரு உள்ளேயிருந்து. "ஆட்டம் இன்னும் முடியல. எவன் வந்தாலும் வெளியே போகணும், ஞாபகம் இருக்கில்ல?"

"நான் கார்டு இல்லடி, கணவன்!"

"அதைத்தான் சொல்றேன். பொட்டலத்தை மட்டும் நீட்டுங்க."

நீட்டினேன்.