தீப்பெட்டி முசேவும் நாய்க்கக்கலும்

பாகூர் கொம்யூனில் அந்தக் காலத்தில் பிறந்தவர், செத்தவர் அத்தனை பேர் பெயரையும் தன் கையால் எழுதியவர் அவர். அவர் பெயர் மட்டும் ஊரில் ஒருத்தருக்கும் தெரியாது. எல்லாருக்கும் அவர் தீப்பெட்டி முசே. பிரெஞ்சுக்காரன் கொடியை இறக்கிக்கொண்டு போய் இரண்டு வருஷமாகியும், ‘ஐயா’ என்பதற்கு அவன் விட்டுப்போன அந்த ‘முசே’ மட்டும் அவரை விட்டு இறங்கவில்லை.

மேரியில், அதான் பஞ்சாயத்து ஆபீஸ் மாதிரி எங்கள் கொம்யூன் ஆபீசில், அவர் பிறப்பு இறப்புக் குமாஸ்தா. எதிர் மேஜையில் தபால் குமாஸ்தா அடியேன்.

மழை விட்ட மறுநாள் வைக்கோல் போரிலும் மக்கின கட்டையிலும் மஞ்சளாக, நொளநொளவென்று ஒன்று படர்ந்திருக்குமே, பார்த்திருப்பீர்கள். எங்கள் பக்கம் அதற்கு நாய்க்கக்கல் என்று பேர். நாமெல்லாம் மூக்கைப் பிடித்துக்கொண்டு தாண்டிப் போவோம். முசே மண்டிபோட்டு உட்கார்ந்துவிடுவார்.

“தே பாரு, நடக்குதுபா! நேத்து அந்தக் கட்டையாண்ட இருந்துது, இன்னிக்கி இங்க வந்துடுச்சி. செடின்னா நடக்குமா? பிராணின்னா வெத தூவுமா?”

அதற்குப் பங்காளிகள் ஏராளமாம். சிலது காய்ந்தால் குண்டூசித் தலை மாதிரி எழுந்து நிற்கும். அதைக் கிள்ளிக் காலித் தீப்பெட்டியில் ஒட்டுவார். லென்சில் காலின் நிறம், தலையின் நிறம், உள்ளே இருக்கும் தூளின் நிறம் பார்த்து இன்ன வகை என்று நோட்டில் எழுதுவார். அந்த நோட்டும் ஆபீஸ் பதிவேடு மாதிரியே கட்டம் போட்டது: பேர், பிறந்த இடம், இறந்த இடம், காரணம்.

ஒருநாள் செலியமேட்டு விவசாயி ஒருத்தர் பெண் பிறந்ததைப் பதிய வந்தார். முசே நிமிராமல் தன் நாய்க்கக்கல் நோட்டிலேயே மும்முரமாக இருந்தார்.

“இன்னா கலரு?”

“மாநெறந்தான் முசே.”

“காலு கீதா?”

“ஐயோ, ரெண்டும் நல்லாத்தான் கீது!”

நான் சிரித்த சிரிப்பில் மைக்கூடு கவிழ்ந்தது.

அந்த விவசாயியின் வைக்கோல் போரில்தான் முசேவுக்கு யோகம் அடித்தது. பொன்னிறத் தலை, சிவப்புக் கால், உள்ளே ரோஸ் தூள். எந்தப் புத்தகத்திலும் இப்படி ஒன்று இல்லை. படம் வரைந்து பாரீசில் ஒரு நிபுணருக்கு எழுதினார். நாலு மாசம் கழித்துப் பதில் வந்தது: ‘புதிய வகையாகத்தான் தெரிகிறது. ஆனால் பொருளைப் பார்க்காமல் பேர் வைக்க முடியாது. அனுப்புங்கள்.’

அதற்குள் அந்தப் போரை மாடுகள் தின்று தீர்த்திருந்தன. மிச்சம் இருந்தது ஒரே ஒரு தீப்பெட்டி.

“இருவது வருசமா பைத்தியம்னு பேரெடுத்துட்டேன்” என்றார் என்னிடம். “இது ஒண்ணு போய்ச் சேரட்டும்பா, போதும்.”

பெட்டியை என் மேஜையில் வைத்துவிட்டு, சுற்றிக் கட்டப் பஞ்சு வாங்கப் போனார்.

எனக்கு வாயில் பீடி, கவனமெல்லாம் தபால் கட்டில். பழக்க தோஷம், கைக்கு எட்டின தீப்பெட்டியைத் திறந்தேன். குச்சி இல்லை; அடியில் ஏதோ குப்பை. “எவன்டா காலிப் பொட்டிய வச்சது?” என்று மேஜை விளிம்பில் ஒரு தட்டு தட்டி, ஃபூ என்று ஊதினேன். ஜன்னல் வெயிலில் ரோஸ் நிறத்தில் புகை போல ஒன்று பறந்தது. அப்புறம்தான் பாவி எனக்கு உறைத்தது.

முசே பஞ்சோடு வந்து நின்றார். திட்டியிருந்தால் தேவலை. பெட்டியை வாங்கி லென்சில் ரொம்ப நேரம் பார்த்தார்.

“பரவால்லபா. பறக்கத்தானே பொறந்துது? எங்கனா வுழுந்து மொளைக்கும்.”

அடுத்த இரண்டு மழைக்காலமும் செலியமேட்டில் ஒரு போர் விடாமல் தேடினார். நான் பின்னாலேயே குடை பிடித்தேன். நாய்க்கக்கல் வந்தது; ரோஸ் தூள் வரவில்லை. மூன்றாவது மழைக்கு முசேவே இல்லை. ‘மன்னிச்சிடுங்க முசே’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஊதத் தெரிந்த வாய்க்கு அது வரவில்லை.

அவர் மேஜையை ஒழிக்கும்போது அந்த நோட்டு என் கைக்கு வந்தது. ரோஸ் தூள் பக்கத்தைத் தேடித் திருப்பினேன். பேர் கட்டம் காலியாகவே இருந்தது. பிறந்த இடம்: செலியமேடு, வைக்கோல் போர். இறந்த இடம்: மேரி, தபால் மேஜை. காரணம் என்ற கட்டத்தில் என் பேர் இருக்கும் என்று நினைத்தேன். ஊரில் அவரை முதன்முதலாகப் பைத்தியம் என்று சொன்னவனே நான்தானே.

‘சிநேகிதன் மூச்சு’ என்று எழுதியிருந்தார்.